நம்மிடம் விடப்பட்ட பிள்ளை பொய் சொன்னால்...

பால்மரம் வெட்டச் செல்லும் தாய் விடியுமுன்பே வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். அவள் திரும்பி வரும் வரை அவளுடைய பிள்ளையைப் பேணும் பொறுப்பு ஆயாக் கொட்டகையிலுள்ள ஆயாவிடமோ, வீட்டிலிருக்கும் பாட்டியிடமோ, அடுத்த வீட்டு அக்காளிடமோ ஒப்படைக்கப்படுகிறது. வேளைக்கு உணவூட்டுவதோடும் குளிப்பாட்டித் தூங்க வைப்பதோடும் அப்பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பகற்பொழுதின் பெரும்பகுதியை யாருடன் கழிக்கிறதோ, அவரிடமிருந்தே குழந்தை பேச்சையும் நடத்தையையும் கற்றுக்கொள்கிறது.

இவ்வாறு நம்மிடம் விடப்பட்ட பிள்ளை பொய் சொல்கிறது, அல்லது பிறர் பொருளை எடுத்து ஒளித்து வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது? கண்டித்தால் பெற்றோர் மனம் நோகுமோ என்ற தயக்கம் ஒரு பக்கம். கண்டிக்காவிட்டால் பிள்ளை கெட்டுவிடுமோ என்ற கவலை மறுபக்கம். இவ்விரண்டுக்கும் இடையே நிதானமான ஒரு வழி உண்டு.

முதலாவதாக, குழந்தையின் வயதைக் கவனித்தல் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை, "கொட்டகைக்குப் பின்னால் புலி நின்றது" என்று சொன்னால் அது நம்மை ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னதன்று. நினைப்பையும் நடந்ததையும் பிரித்தறிய அதற்கு இன்னும் முழுமையாகத் தெரியாது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே, குழந்தைகளின் நீதியுணர்வைப் பற்றி 1932இல் ஒரு நூல் வெளியிட்டார். மாட்டைப் போல் பெரிய நாயைக் கண்டதாகச் சொன்ன பிள்ளையையும், ஆசிரியர் நல்ல மதிப்பெண் கொடுத்ததாகப் பொய் சொன்ன பிள்ளையையும் பற்றி அவர் சிறுவர்களிடம் கதையாகக் கூறி, யார் செய்தது பெரிய தவறு என்று கேட்டார். சிறு வயதினர் நாயைப் பற்றிச் சொன்னவனையே பெரிய பொய்யன் என்றனர். அவ்வளவு பெரிய நாய் உலகில் இல்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். ஏமாற்றும் எண்ணமே பொய்க்கு அடிப்படை என்பது சற்று வளர்ந்த பிறகே பிள்ளைகளுக்கு விளங்குகிறது. ஆகவே சின்னஞ்சிறு குழந்தையைப் "பொய்யன்" என்று ஏசுவதில் பொருளில்லை.

நான்கு ஐந்து வயதுக்குப் பிறகு சொல்லப்படும் பொய்களில் பல அச்சத்தினால் பிறப்பவை. இதற்குச் சான்றாக ஓர் ஆய்வைக் கூறலாம். விக்டோரியா தல்வார், காங் லீ ஆகிய இரு ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் பயிலும் இரண்டு பள்ளிகளில் ஆய்வு நடத்தி, அதன் முடிவுகளை 2011இல் வெளியிட்டனர். ஒரு பள்ளியில் தவறு செய்தால் பிரம்படியும் அறையும் கிடைக்கும். மற்றதில் அடி கிடையாது, சொல்லித் திருத்துவார்கள். ஒரு விளையாட்டுப் பொருளைப் பின்னால் வைத்து, "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே சென்றார். இரு பள்ளிகளிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டனர். பிறகு கேட்டபோது, அடி விழும் பள்ளியில் அவ்வாறு பார்த்தவர்களுள் ஏறக்குறைய அனைவரும் பார்க்கவில்லை என்று பொய் சொன்னார்கள். மற்றப் பள்ளியில் பொய் சொன்னவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேரே. அடிக்குப் பழகிய பிள்ளைகள் தங்கள் பொய் வெளிப்படாமல் காப்பதிலும் அதிகத் திறமை காட்டினர். பிரம்பு தவற்றையும் தடுக்கவில்லை. தவற்றை மறைக்கும் திறமையையே வளர்த்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். மேசை மீது வைத்திருந்த ஐம்பது காசைக் காணோம். ஆறு வயதுப் பையனின் கையில் மிட்டாய் இருக்கிறது. உண்மை நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அப்படியிருக்க, "காசை எடுத்தாயா?" என்று உரத்த குரலில் கேட்பது அவனைப் பொய் சொல்ல அழைப்பதற்கு ஒப்பாகும். அவ்வாறு கேளாமல், அவனைத் தனியே அழைத்து, "மேசையில் இருந்த காசை எடுத்து மிட்டாய் வாங்கியிருக்கிறாய். கேட்காமல் எடுத்தது தவறு. இதை எப்படிச் சரிசெய்யலாம்?" என்று அமைதியாகச் சொல்லலாம். உண்மை தெரியாதபோது, ஊகத்தை வைத்துக் குற்றம் சாட்டுதல் கூடாது. செய்யாத தவற்றுக்குப் பழி சுமந்த பிள்ளை, உண்மை பேசிப் பயனில்லை என்று முடிவு செய்துவிடும்.

தவற்றுக்கு விளைவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது தவற்றைச் சரிசெய்வதாக இருத்தல் வேண்டும். மிட்டாயில் மீதமுள்ளதை அவன் திருப்பித் தரலாம். கொட்டகையைக் கூட்டுவதற்கோ விளையாட்டுப் பொருள்களை அடுக்குவதற்கோ துணை செய்யலாம். மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் "திருடன்" என்று பெயர் சூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். லயத்தில் ஒரு முறை எழுந்த பெயர் எளிதில் அழிவதில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் அது பிள்ளையைத் தொடர்ந்து செல்லும்.

பிள்ளை தானாகவே முன்வந்து உண்மையைச் சொன்னால், முதலில் அதற்காகப் பாராட்ட வேண்டும். மகாத்மா காந்தி தம் பதினைந்தாம் வயதில், தமையனாரின் தங்கக் காப்பிலிருந்து சிறு துண்டு தங்கத்தைத் திருடியதையும், பின்னர் அதை ஒரு தாளில் எழுதி நோயுற்றிருந்த தந்தையிடம் கொடுத்ததையும் தம் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். தந்தை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கண்ணீர் விட்டார், தாளைக் கிழித்துப் போட்டார். அந்தப் பொறுமை மகனின் உள்ளத்தில் வாழ்நாள் முழுவதும் நிலைத்து நின்றது.

பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளிலும் கவனம் தேவை. "புலி வருகிறது" என்று பொய் சொல்லி ஊரை ஏமாற்றிய சிறுவனின் கதை நாம் அனைவரும் அறிந்ததே. அதே கதை மேனாட்டில் ஓநாய்க் கதையாக வழங்குகிறது. 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அந்த ஓநாய்க் கதையைக் கேட்ட பிள்ளைகள் முன்னிலும் அதிகமாக உண்மை பேசவில்லை என்பது தெரிந்தது. மரத்தை வெட்டியது தாமே என்று ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டனின் கதையைக் கேட்டவர்களே அதிகமாக உண்மை பேசினர். பொய்யால் வரும் கேட்டைக் காட்டி அச்சுறுத்துவதைவிட, உண்மையால் வரும் நன்மையைக் காட்டுவதே பிள்ளைகளின் மனத்தில் பதிகிறது.

மாலையில் தாய் வந்ததும் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் களைத்து வந்து நிற்கும் வாசலில், பலர் காதுபட, "உன் மகன் என்ன செய்தான் தெரியுமா?" என்று தொடங்குதல் ஆகாது. அவமானம் கோபமாகி, கோபம் அடியாக முடியும். தனியாக அழைத்து, நடந்தது இது, நாங்கள் பேசிச் சரிசெய்துகொண்டது இவ்விதம் என்று கூறினால், தாயும் ஆயாவும் ஒரே வழியில் நிற்க முடியும். ஒருவர் அடிக்க, ஒருவர் ஒளிக்க என்றிருந்தால் பிள்ளை இருவரையும் ஏமாற்றக் கற்றுக்கொள்ளும்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் வாய்மையும் இதில் அடங்கியுள்ளது. குழந்தை கீழே விழுந்து காயப்பட்டதைத் தாயிடம் மறைத்து, "அம்மாவிடம் சொல்லாதே" என்று அதற்கும் சொல்லிக் கொடுத்தால், பொய்யின் முதற்பாடத்தை நாமே நடத்தியவர்கள் ஆவோம். "அழுதால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்ற மிரட்டலும், "நாளைக்கு வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி வாங்கித் தராமல் விடுவதும் அத்தகையனவே.

இவையெல்லாம் சிறு விஷயங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பாலை உறையவைக்கும் அமிலத்தையோ களைக்கொல்லியையோ ஒரு பிள்ளை தெரியாமல் வாயில் வைத்துவிட்டால், அந்த நொடியே அது நம்மிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும். அடிக்குப் பயந்து ஒளிந்துகொண்டால், மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய நேரம் வீணாகிவிடும். தகாத முறையில் எவரேனும் தொட்டு, "யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டியிருந்தாலும், அதை வெளியே சொல்லும் துணிவு பிள்ளைக்கு இருந்தாக வேண்டும். அத்தகைய செய்தி காதில் விழுந்தால் பிள்ளையை நம்புங்கள்; 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குத் தொலைபேசி வழி உடனே தெரிவியுங்கள். ஐம்பது காசைப் பற்றிய உண்மையை அச்சமின்றிச் சொல்லப் பழகிய பிள்ளைதான் இப்பெரிய உண்மைகளையும் சொல்லும்.

ஆகவே தாய்மார்களே, ஆயாமார்களே! உண்மை சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கையைப் பிள்ளைகளின் மனத்தில் இன்றே விதையுங்கள். அந்த நம்பிக்கையே அவர்களை நேர்மையாளராக வளர்க்கும்; ஆபத்து வேளையில் அவர்களைக் காக்கும் அரணாகவும் விளங்கும்.