வண்டிக் கொட்டகைத் தரைக்கு எந்தப் பூச்சு?

தரைக்குப் பூச்சு இடுவது நம் நாட்டாருக்குப் புதிய வழக்கம் அன்று. வெள்ளிக்கிழமைதோறும் சாணமிட்டு மெழுகிய மண் தரையும், ஓரத்தில் காவிப்பட்டை தீட்டிய திண்ணையும் நம் பாட்டிமார் நன்கு அறிந்த பூச்சுகளே. அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருந்தது அவற்றின் குறை. ஆயினும் அவை கொப்பளித்தன என்றோ, தோல் உரிவதுபோல் உரிந்தன என்றோ எவரும் வருந்தியதில்லை. இன்று விலை கொடுத்து வாங்கும் பூச்சுகளைப் பற்றி அந்த வருத்தம் அடிக்கடி காதில் விழுகிறது. இதன் காரணத்தை ஆராய்ந்து, நம் அங்கத்தினர்கள் வீண் செலவுக்கு ஆளாகாமல் இருக்க வழி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவண்ணாமலை நகரிலும், ஆரணி, போளூர், செய்யாறு பக்கங்களிலும் இப்போது கட்டப்படும் வீடுகளில் முன்புறம் வண்டி நிறுத்த ஓர் இடம் விடுகிறார்கள். அங்கே நிற்பது வண்டி மட்டும் அன்று. அறுவடை முடிந்தால் நிலக்கடலை மூட்டைகள் அடுக்கப்படும். உழவுப் பருவத்தில் உர மூட்டைகள் இறங்கும். நெசவாளர் வீடாயின் நூல் கட்டுகள் சில நாள் தங்கும். விசேஷ நாளில் பந்தியும் அங்கேதான். எண்ணெய் சொட்டிக் கறை படிகிறது; சிமெண்டுத் தரை தேய்ந்து தூள் கிளம்புகிறது. ஆகவே, "நல்ல வண்ணம் ஒன்றைப் பூசிவிட்டால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயற்கையே.

என் வீட்டிலும் அவ்வெண்ணம் எழுந்தது. கார்த்திகைத் தீபத்திற்கு உறவினர் வருவார்கள், அதற்குள் முன்புறம் பளபளப்பாக இருக்கவேண்டும் என்று ஐப்பசி மாதத்தில், இரண்டு மழைக்கு நடுவே, விலையுயர்ந்த பூச்சு ஒன்றைப் பூசுவித்தேன். தீபத்தன்று தரை கண்ணாடிபோல் இருந்தது. தை பிறக்குமுன் ஆங்காங்கே கொப்புளம் எழுந்தது. மாசியில் வண்டிச் சக்கரத்தோடு பூச்சும் ஒட்டிக்கொண்டு கிளம்பியது. விற்றவரையும் பூசியவரையும் நொந்துகொண்டேன். பிறகு விசாரித்து அறிந்த உண்மை வேறு. பூச்சின்மீது குற்றம் இல்லை. தரையை அறியாமல் பூச்சைத் தேர்ந்ததே குற்றம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயர் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமைப் பட்டயம் பெற்றது 1824-இல். நம் நாட்டில் அதைச் செய்யும் முயற்சி முதலில் நடந்தது 1904-இல், சென்னையில். கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான் என்பது நமக்கு நினைவிருக்கும். அன்று தொட்டுச் சிமெண்டைக் கல்லுக்கு நிகராகவே மதித்து வருகிறோம். ஆனால் சிமெண்டுத் தரை கல்லைப்போல் இறுகியதாகத் தோன்றினாலும், அதனுள் மயிரிழையினும் மெல்லிய துளைகள் எண்ணற்று இருக்கின்றன. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி ஊற்று மேலெழும்போது, நிலத்தின் ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அத்துளைகளின் வழியே ஏறுகிறது. ஏறும் ஈரம் மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சில தரைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது இதனாலேயே.

மெழுகிய மண் தரையும், சுண்ணாம்புத் தரையும், வெறும் சிமெண்டுத் தரையும் இந்த ஈரத்தைத் தடுப்பதில்லை. அது மேலே வந்து காற்றில் உலர்ந்து போகிறது. புதிய பூச்சுகளில் பல, தரையின்மீது ஓர் அடைப்புத் தோலைப் போர்த்துகின்றன. வெளியேற வழியற்ற ஈரம் அத்தோலைக் கீழிருந்து தள்ளுகிறது. கொப்புளம் என்பது இதுவே. ஆகையால் பூச்சுகளை ஈரத்துக்கு வழிவிடுபவை, வழியடைப்பவை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் தரைக்கு எது தகும் என்பதைக் கடைக்காரரால் கூற இயலாது, தரைதான் கூறவேண்டும்.

தரையைக் கேட்கும் மூன்று சோதனைகள்

முதலாவது, பாலிதீன் தாள் சோதனை. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டும் நாடாவினால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுக. குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்க. தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலும், தரை கறுத்திருந்தாலும் கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று கொள்க. இரண்டு மூன்று இடங்களில் இவ்வாறு பார்ப்பது நன்று.

இச்சோதனையைச் சித்திரை வெயிலில் செய்து மகிழ்ந்து பயனில்லை. அப்போது எத்தரையும் உலர்ந்தே காணும். வடகிழக்குப் பருவமழை பெய்து நிலம் நனைந்திருக்கும் கார்த்திகையில் செய்யவேண்டும். அப்போதும் தாள் உலர்ந்திருந்தால் அத்தரையை நம்பலாம்.

இரண்டாவது, நீர்ச் சோதனை. ஒரு கை நீரைத் தெளித்தால் அது சில நிமிடங்களில் தரைக்குள் இறங்கவேண்டும். முத்துமுத்தாக மேலேயே நின்றால், எண்ணெயோ பழைய பூச்சோ துளைகளை அடைத்திருக்கிறது. அதன்மேல் புதிய பூச்சுப் பிடிக்காது.

மூன்றாவது, ஆணிச் சோதனை. இரும்பு ஆணியால் அழுத்திக் கீறினால் மெல்லிய கோடு மட்டும் விழுவது நல்ல தரை. மாவுபோல் பொடி உதிர்ந்து பள்ளம் விழுந்தால், சிமெண்டு குறைவாகவோ, நீராற்றுதல் போதாமலோ இட்ட தரை அது. அத்தகைய தரைக்கு எவ்வளவு உயர்ந்த பூச்சும் பயன்படாது. பூச்சு நன்றாகவே ஒட்டும். ஒட்டிய பொடியோடு சேர்ந்து பெயர்ந்தும் வரும். அங்கே முதலில் மேல்தளத்தைக் கொத்திப் புதிதாக இடுவதே முறை.

எந்தத் தரைக்கு எது?

மூன்று சோதனைகளிலும் தேறிய தரைக்கு எபாக்சி என்னும் இருபொருட் பூச்சு தகும். பிசின் ஒன்று, அதை இறுக்கும் பொருள் ஒன்று என இரண்டு டப்பாக்களாக வரும். கலந்ததும் வேதிமாற்றம் பெற்று இறுகும். 1930, 1940-களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தானும் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும் தனித்தனியே ஆராய்ந்து உருவாக்கிய பொருள் இது. எண்ணெயும் டீசலும் இதை எளிதில் தாக்கா. ஆனால் நேர் வெயில் பட்டால் மஞ்சளிக்கும். நாளடைவில் மேற்பரப்புச் சுண்ணம்போல் பொடியும். முன்புறம் திறந்த கொட்டகையாயின், வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன் பூச்சு ஒன்றை அதன்மேல் இடவேண்டும்.

தாள் சோதனையில் ஈரம் கண்ட தரைக்கு வழியடைக்கும் பூச்சு வேண்டவே வேண்டா. அதற்கு ஏற்றவை மூன்று. ஒன்று, சோடியம் சிலிக்கேட் போன்ற இறுக்கும் நீர்மம். இது தோலாகப் படிவதில்லை. சிமெண்டில் எஞ்சியுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளுக்குள்ளேயே கெட்டிப்படுகிறது. தூள் எழுவது நிற்கும், செலவும் குறைவு. பளபளப்பும் வண்ணமும் கிடையா. எண்ணெய்க் கறையை முற்றும் தடுப்பதும் இல்லை. இரண்டு, நம் கொத்தனார்கள் நெடுங்காலமாக இட்டுவரும் ரெட் ஆக்சைடு தரை. இரும்பு ஆக்சைடுப் பொடியின் அளவு சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. தாண்டினால் தளம் வலுக்குன்றும். நல்ல கரணை வேலையும், குறைந்தது ஏழு நாள் நீராற்றுதலும் இருந்தால் இத்தரை ஒரு தலைமுறைக்கு நிற்கும். மூன்று, கடப்பாக்கல் பாவுதல். முதற்செலவு கூடினாலும் புதுப்பிக்கும் செலவு இல்லை.

மரத்துக்கும் இரும்புக்கும் பூசும் எனாமல் பெயிண்டு வீட்டில் மீந்திருக்கிறது என்று தரையில் பூசுவோர் உண்டு. சிமெண்டில் உள்ள காரம் அந்தப் பெயிண்டின் எண்ணெயைச் சவர்க்காரம்போல் ஆக்கிவிடும். பூச்சுப் பிசுபிசுத்து உரியும். நீர் கலந்து பூசும் அக்ரிலிக் பூச்சு காரத்தைத் தாங்கும்; எனினும் மெல்லியது; கால்நடைக்கு ஏற்றதே தவிரச் சூடேறிய சக்கரத்துக்கு ஏற்றதன்று. நம் மாநிலத்துப் பெருங்கோயில்கள் பலவற்றில் கோடையில் பிராகாரக் கல்மேல் வெண்பூச்சுப் பாதை இடுவதைக் கண்டிருப்பீர்கள். அடியார் பாதம் சுடாமல் இருக்க வெயிலைத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. அந்த வேலையை அது செவ்வனே செய்கிறது. அதையே வண்டி ஏறும் இடத்தில் பூசினால் பழி அதன்மேல் விழும்.

டப்பாக் கணக்கு

ஒரு லிட்டர் நீர்மத்தை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் அதன் கனம் சரியாக ஒரு மில்லிமீட்டர். இந்த ஒரு கணக்கை நினைவில் கொண்டால் ஏமாற்றம் இராது. பத்தடி அகலமும் பதினெட்டடி நீளமும் உள்ள கொட்டகை 180 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 17 சதுர மீட்டர். இரண்டு மில்லிமீட்டர் கனத் தளம் என்று ஒருவர் பேசினால், 34 லிட்டர் அளவு பொருள் இறங்கவேண்டும். நான்கு லிட்டர் டப்பா ஒன்றோடு வேலை முடிந்தால், கிடைத்தது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதிலும் நீரோ கரைப்பானோ கலந்த பூச்சில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஆகவே விலையை டப்பாவுக்கு இவ்வளவு என்று பாராமல், உலர்ந்தபின் நிற்கும் கனத்துக்கு இவ்வளவு என்று பார்ப்பதே சிக்கனம்.

வேலை முறை

புதிய கான்கிரீட் தரைக்குக் குறைந்தது 28 நாள் கழித்தே பூச்சைப் பற்றி நினைக்கலாம். சோதனை கார்த்திகையில் செய்தால், பூச்சு மாசியில் இடுக. அப்போது நிலம் உலர்ந்திருக்கும்; கடுங்கோடையும் வந்திராது. வெப்பம் பத்துப் பாகை கூடினால், கலந்த எபாக்சி இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சித்திரையில் கலந்தால் வாளியிலேயே கெட்டியாகிவிடக் கூடும்.

நேரமும் முக்கியம். காலையில் தரை சூடேறும்போது துளைகளில் உள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழிகளை உண்டாக்கும். பிற்பகலில் தரை ஆறத் தொடங்கியபின் பூசினால் அத்தொல்லை குறையும்.

எண்ணெய்க் கறையைச் சோடாக்காரம் அல்லது சோப்புப் பொடி இட்டுத் தேய்த்து நீக்கியபின், மொசைக் பாலிஷ் போடும் இயந்திரத்தால் மேற்பரப்பைச் சொரசொரப்பாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். அமிலத்தால் கழுவும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்வதாயின் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டுமே அன்றி, அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது. கையுறையும் கண் காப்பும் இன்றி இவ்வேலையில் இறங்கவும் கூடாது. முடிந்தபின் பலமுறை நீர் விட்டுக் கழுவித் தரையை நன்கு உலர்த்தவேண்டும்.

இரண்டு டப்பாக்களின் பொருளையும் குறித்த அளவுப்படியே கலக்கவேண்டும். இறுக்கும் பொருளைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்பது தவறான எண்ணம். ஒருபோதும் சரியாகக் காயாமல் போவதற்கே அது வழி. வழவழப்பான பூச்சு நனைந்தால் முதியோர் வழுக்கி விழுவர். ஆகவே ஈரப் பூச்சின்மேல் நுண்ணிய மணலைச் சீராகத் தூவிவிடுக. ஒரு நாள் கழித்து நடக்கலாம். வண்டியை ஏற்ற ஒரு வாரம் பொறுப்பது நல்லது.

நெசவாளரும் உழவரும் கவனிக்க

கரைப்பான் கலந்த பூச்சின் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கலாகாது. நூல், பட்டு, பாவு ஆகியவற்றை வாடை முற்றும் நீங்கும்வரை வேறிடத்தில் வைக்கவேண்டும்.

மேலும் ஒன்று. கொட்டகைக்குப் பூச்சு மீந்தது என்று அடுத்த அறையில் உள்ள குழித்தறித் தரைக்கும் பூசிவிடாதீர்கள். பருத்தி நூலுக்கு ஈரம் வலிமை தருகிறது. தறிக்குழியின் குளிர்ச்சியால்தான் பாவு இழை அறாமல் ஓடுகிறது. கொட்டகையில் பகையாகும் ஈரம் தறிக்குழியில் நண்பன்.

உழவர்க்கோ ஈரம் பெரும்பகை. நிலக்கடலையின் ஈரம் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டால் பூசணம் பற்றும். 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்போதுதான். எந்தப் பூச்சுப் பூசிய தரையாயினும் மூட்டைகளைப் பலகைமேல், சுவரினின்று ஒரு முழம் தள்ளியே அடுக்குக. அம்மோனியம் சல்பேட்டு உரம் சிந்தினால் உடனே பெருக்கி எடுக்க. அது ஈரம்பட்டால் சிமெண்டையே அரிக்கும்.

சேர்ந்து செய்தால்

பாலிதீன் தாளுக்கும் ஆணிக்கும் செலவு ஏதும் இல்லை. தேய்க்கும் இயந்திரத்துக்கோ ஒரு வீட்டார் மட்டும் வாடகை கொடுத்தால் சுமை. ஒரே தெருவில் ஐந்து வீட்டார் ஒரே வாரத்தில் வேலை வைத்துக்கொண்டால் அச்சுமை பகிர்ந்துபோகும். பூச்சையும் மொத்தமாக வாங்கினால் விலையில் நயம் உண்டு. பருத்தி நூலையும் விதைக்கடலையையும் சேர்ந்து வாங்கப் பழகிய நமக்கு இது கடினமன்று.

என் வீட்டுத் தரையில் எஞ்சியிருந்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த கார்த்திகையில் தாளை ஒட்டிப் பார்த்தேன். மறுநாள் அதன் அடியில் நீர் கோத்திருந்தது. மாசியில் ரெட் ஆக்சைடு தளம் இடுவித்தேன். கண்ணாடிபோல் பளபளக்கவில்லை, ஆனால் சக்கரத்தோடு எழுந்து வரவும் இல்லை. வரும் தீபத்திற்கு வீட்டைப் புதுப்பிக்க எண்ணியிருக்கும் அங்கத்தினர்கள் சுவருக்கு வெள்ளையடித்துக்கொள்ளட்டும். தரைக்கு இப்போது வேண்டியது ஒன்றரை அடித் தாள் ஒன்றும், மாசிவரை பொறுமையும்தான்.