ஊருக்குள் ஒரு புது முகம்

தென்மேற்குச் சீனாவில் குயிசூ மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் ஐரோப்பியப் பயணி ஒருவர் பேருந்தைவிட்டு இறங்குகிறார். முதலில் ஒரு பிள்ளை நின்று பார்க்கும். சற்று நேரத்தில் பத்துப் பிள்ளைகள் சூழ்ந்துவிடுவார்கள். "லாவோவாய்!" என்று ஒரு குரல் எழும், வெளிநாட்டுக்காரர் என்று அர்த்தம். துணிச்சலான ஒரு வாண்டு அவர் கையிலுள்ள முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி ஓடிப்போகும். அந்தச் சில நொடிகளில் அதன் மூளை செய்கிற வேலை அபாரமானது.

பிள்ளைக்கு இது எவ்வளவு அரிய காட்சி என்பதை முதலில் பார்ப்போம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சீனப் பெருநிலத்தில் இருந்த வெளிநாட்டவர் சுமார் எட்டரை லட்சம் பேர். மக்கள்தொகையோ 141 கோடி. பத்தாயிரம் பேரில் சுமார் ஆறு பேர்தான் தேறுகிறார்கள்!

இந்த அரிய முகத்தைக் கண்டு பிள்ளை திகைப்பதற்கான காரணம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. பேசத் தெரியாத குழந்தைக்கு முகங்களைப் பிரித்தறியத் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விஞ்ஞானிகள் அதன் சலிப்பையே கருவியாக்கினார்கள். ஒரு முகத்தின் படத்தைக் குழந்தை அலுத்துப்போகும்வரை காட்டுவார்கள். பிறகு பழைய முகத்தையும் புது முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். புதியதைக் கூடுதல் நேரம் பார்த்தால், வேறுபாடு பிடிபட்டுவிட்டது என்று பொருள். சீனாவின் ஹான் இனக் குழந்தைகளிடம் நடந்த இத்தகைய ஆய்வு 2009இல் வெளியானது. மூன்று மாதக் குழந்தை சீன, ஐரோப்பிய, ஆப்பிரிக்க முகங்கள் எல்லாவற்றையும் பிரித்தறிந்தது. ஒன்பது மாதக் குழந்தைக்குச் சீன முகங்கள் மட்டுமே பிடிபட்டன.

இதற்குப் 'புலன் குறுக்கம்' என்று பெயரிடலாம்: அன்றாடம் தேவைப்படுவதில் கூர்மை ஏற, தேவைப்படாததில் அது மங்கிவிடுகிறது. நாம் ல, ள, ழ மூன்றையும் சட்டென்று பிரித்துக் கேட்கிறோம். தமிழ் கேட்டே வளராதவர் காது தடுமாறுகிறது. முகத்துக்கும் அப்படித்தான். இழந்தது மீளாது என்றும் இல்லை. மூன்று முதல் ஒன்பது வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப்போன கொரியக் குழந்தைகளை, அவர்கள் பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். ஆசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களே அவர்களுக்கு எளிதாக நினைவில் நின்றன. எனக்கு இந்த முடிவுதான் எல்லாவற்றையும்விட வியப்பு.

பயணியின் தலைமுடியும் பிள்ளைகளை இழுக்கும். அதைத் தொடுகிற பிள்ளையின் சொந்த முடிக்குள்ளும் ஒரு நெடுங்கதை உண்டு. கிழக்காசியர் பெரும்பாலோரிடம் 'ஈடார்' என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் நடுச்சீனாவில் இது தோன்றியிருக்கலாம் என்பது மதிப்பீடு. அதே மாற்றத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ரோமம் தடித்தது. வியர்வைச் சுரப்பிகளும் கூடின. பயணிக்கு நீலக் கண் இருந்தால் அது இன்னொரு விந்தை. அதில் நீலச் சாயம் துளியும் கிடையாது. கருவிழியில் நிறமி குறைவு. உள்ளே நுழையும் ஒளி சிதறுவதால் நீலமாகத் தெரிகிறது.

ஒரு பிள்ளை நின்ற இடத்தில் பத்துப் பிள்ளைகள் கூடுவது எப்படி? 1969இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில், தெருவில் ஒருவர் மட்டும் அண்ணாந்து ஒரு ஜன்னலைப் பார்த்தபோது கடந்து சென்றவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். பதினைந்து பேர் பார்த்தபோது 40 சதவீதம் பேர் நின்றார்கள். பிறர் பார்வை போகுமிடத்துக்கு நம் பார்வையும் போய்விடுகிறது. பெரியவர்களே இப்படியென்றால் பிள்ளைகளைக் கேட்கவா வேண்டும்!

அடுத்து "ஹலோ!" என்ற கூவல். 2001இல் சீனக் கல்வி அமைச்சகம் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்க வழிசெய்தது. புத்தகத்தில் படித்த சொல் உண்மையிலேயே வேலை செய்கிறதா? பயணி பதிலுக்கு "ஹலோ" என்றதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அது வெற்றிகரமாக முடிந்த ஒரு பரிசோதனை.

ஆர்வம் பொங்கும் அந்த நேரத்தில் மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கையாளும் வலைப்பின்னல் சுறுசுறுப்பாகிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியும் கூடவே விழித்துக்கொள்கிறது. கலிபோர்னியாவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆவலான கேள்விக்கு விடை வரக் காத்திருந்தவர்களுக்கு நடுவில் தொடர்பே இல்லாத முகங்களைக் காட்டினார்கள். மறுநாளும் அந்த முகங்கள் நன்றாக நினைவில் இருந்தன. ஆகவே, பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும்போது பயணி "ஹலோ"வோடு நிறுத்திவிடாமல், பாடப்புத்தகத்தில் இல்லாத இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம். ஒட்டிக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.