படகில் ஒரு போர்ஷன் வாடகைக்கு!

திருமுடிவாக்கத்தில் குடியிருக்கும் நண்பருக்கு மாதா மாதம் ஐந்தாம் தேதி ஓர் ஆசை வரும். அன்றைக்குத்தான் ஹவுஸ் ஓனர் வாடகைக்குக் கதவைத் தட்டுவார்.

"பேசாம ஒரு படகு வாங்கி அதுலயே குடித்தனம் பண்ணிடலாம் சார். வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்கலையா... கயித்தை அவிழ்த்துட்டு அடுத்த ஊர் போயிட்டே இருக்கலாம்!"

"படகை எங்கே விடுவீங்க?"

"ஏன், அடையாறு இல்லை? அனகாபுத்தூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்... டிராஃபிக்கே இல்லாத ரூட் சார்!"

சிரிக்காதீர்கள். அந்தக் கோட்டூர்புரம் வரைக்கும் போய்விட்டால், மிச்ச வழியை வெள்ளைக்காரன் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கிங்ஹாம் கால்வாய்!

பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் 163. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் பக்கம் வெட்ட ஆரம்பித்தது. 1877-78 பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். சோற்றுக்கு வழியில்லாத ஜனங்கள் மண் சுமந்து உண்டாக்கிய கால்வாய்க்கு, அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வந்தது. சுமந்தவன் ஒருத்தன், பெயர் இன்னொருத்தருக்கு. நம்ம ஆபீஸ் வழக்கம்தான்!

தெற்கேயிருந்து உப்பு வரும். வடக்கேயிருந்து விறகு வரும். சென்னையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தப் படகுகளின் தயவில்தான்.

படகுக்காரர்களுக்குப் படகேதான் வீடு. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் நீளமான கழியால் ஊன்றித் தள்ள வேண்டும். அதுவும் போதாதபோது, கரையில் இறங்கி, இடுப்பிலும் தோளிலும் கயிற்றை மாட்டிக்கொண்டு மைல் கணக்கில் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். கடல் பொங்கினால் கால்வாயில் தண்ணீர் ஏறும், வடிந்தால் இறங்கும். தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நண்பர் ஆசைப்படும் 'ஜாலி' வாழ்க்கையின் நிஜம் இது.

பயணிகளுக்கு இந்த சிரமமில்லை. சாயங்காலம் சென்னையில் ஏறிப் படுத்தால், விடியும்போது மாமல்லபுரம்! பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு இப்படிப் போய்வந்து, 'மாவலிபுரச் செலவு' என்று ஒரு கவிதையே எழுதியிருக்கிறார்.

இப்போது படகில் ராத்திரி தங்க ஆசைப்பட்டால் ஆலப்புழைக்குத்தான் ரயில் ஏற வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டும் கெட்டுவள்ளம் ஒரு காலத்தில் நெல் ஏற்றிப் போனது. லாரி வந்து அதன் பிழைப்பைக் கெடுத்தது. 1990களின் தொடக்கத்தில் அதிலேயே கட்டில் போட்டு, பாத்ரூம் கட்டி, டூரிஸ்டுகளை ஏற்றினார்கள். படகு பிழைத்தது.

ஆனால் ஒன்று, சாயங்காலம் ஐந்தரை சுமாருக்குப் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் மீனவர்கள் வலை போடும் நேரம். தண்ணீரிலும் ஆபீஸ் டைம்தான்!

நம்ம கால்வாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965, 66-ல் அடித்த புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. நகரத்துக்குள் சாக்கடை கலந்தது. கடைசியில் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர். 2008-ல் தேசிய நீர்வழி எண் 4 என்று பெரிய பெயர் கொடுத்த பிறகும், சென்னைக்குள் ஒரு விறகுப் படகுகூட வரவில்லை.

"போகட்டும் சார், விறகு யாருக்கு வேணும்? இப்பதான் கேஸ் வந்தாச்சே" என்றார் நண்பர்.

விறகுக்காக யாரும் அழவில்லை. படகு ஓட ஆழம் வேண்டும். படகுகளிடம் சுங்கம் வசூலித்தவன் கால்வாயைத் தூர்வாரியே ஆக வேண்டும். வாராவிட்டால் படகு தரை தட்டும், வசூல் நின்றுபோகும். படகு போனபின் தூர் சேர்ந்தால் யாருக்கு நஷ்டம்? கேட்க ஆள் இல்லை.

நஷ்டம் யாருக்கு என்பது 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி தெரிந்தது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை பக்கம் வந்துதான் அடையாற்றில் சேருகிறது. தாம்பரம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் அதே ஆற்றுக்குத்தான். கொட்டிய மழையில் ஆறு கரையை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் என்று தெருத்தெருவாகத் தண்ணீர். மாடியில் நின்று கையசைத்தவர்களை மீட்க, கடலோரத்திலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள்.

நண்பரின் வீட்டிலும் தரைத்தளம் முழுகிவிட்டது. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, மொட்டைமாடியில் ஒரு ராத்திரி, ஒரு பகல்.

"வாசலுக்கே படகு வந்துது சார். ஆசைப்பட்டபடி ஏறினேன். ஏறும்போது கால் நடுங்கிச்சு பாருங்க..." என்று நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போதெல்லாம் ஐந்தாம் தேதி அவர் படகுப் பேச்சை எடுப்பதில்லை. மழைக்காலம் வந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரைக்கு நடந்துபோய், எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.

"என்ன சார் பார்க்கறீங்க?"

"ஆழம்தான் சார். இதுல ஒரு படகு போகுமான்னு பார்க்கறேன். படகு போற அளவுக்கு ஆறு இருந்தா, என் தெருவுக்குப் படகு வராது!"