பத்தே பத்து எபிசோடு... ஆனா ஃப்ளாப் இல்லீங்க!

சீரியலுக்குப் பேர் வைக்கணும்னா என்ன பண்ணுவாங்க? ராசி பாப்பாங்க, எழுத்தைக் கூட்டிப் பாப்பாங்க, மங்களகரமா ஒரு பேரைப் பிடிப்பாங்க. ஆனா 1989-ல் தூர்தர்ஷனில் ஒருத்தர் தன்னோட சீரியலுக்கு 'ஃப்ளாப் ஷோ'ன்னே பேர் வெச்சார். அதோட விட்டாரா? டைட்டில் கார்டில் 'டைரக்டட் பை'ன்னு வரவேண்டிய இடத்தில் 'மிஸ்டைரக்டட் பை'ன்னு போட்டு, பக்கத்தில் தன் பேரையும் போட்டுக்கிட்டார். அந்தப் பேர் ஜஸ்பால் பட்டி. தலையில் டர்பன், முகத்தில் தாடி, அந்தத் தாடிக்குள்ள தேடினாலும் கிடைக்காத சிரிப்பு!

இவரை எனக்கு அறிமுகப்படுத்தினது என் ஹாஸ்டல் ரூம்மேட். ஊர் லூதியானா. நமக்குத் திருப்பூர் எப்படியோ, வடக்கே ஸ்வெட்டருக்கு லூதியானா அப்படி. அவங்க அப்பாவும் நூல் வியாபாரம்தான். எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி, நான் டிரான்ஸ்ஃபார்மரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். அவ போர்வைக்குள்ள போனை வெச்சுக்கிட்டு கட்டில் ஆடற அளவுக்குச் சிரிக்கறா. "என்னடி?"ன்னு எட்டிப் பார்த்தா, மழை பேஞ்ச மாதிரி ஒரு பழைய பிரிண்ட். யூ-டியூபில் யாரோ ஏத்தி வெச்சது. "எங்க வீட்ல எல்லாருக்கும் இது மனப்பாடம், நீ பார்த்ததே இல்லியா?"ன்னு கேட்டா. டெஸ்ட்ல என்ன மார்க்குன்னு மட்டும் கேட்காதீங்க.

எப்படிப் பார்த்திருப்போம் சொல்லுங்க? ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட விசாரிச்சேன். அப்போ அப்பா ஸ்கூல் பையன். வீட்டில் டிவி கிடையாது, பக்கத்து வீட்டு வாசல்ல உட்கார்ந்து பார்க்கறதுதான். "வெள்ளிக்கிழம ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழம படம். அவ்வளவுதான் கண்ணு. இந்தி வந்துச்சுன்னா டிவிய நிறுத்திப்போட்டு சோறு திங்கப் போயிருவாங்க"ன்னார். கொடைக்கானல் டவர் பக்கமா ஆன்டெனாவைத் திருப்பி, 'தெரியுதா... தெரியுதா?'ன்னு மொட்டை மாடியில் இருந்து கத்தின தலைமுறை அது. அவ்ளோ கஷ்டப்பட்டு வரவழைச்ச சிக்னலில், இந்தி வந்த நேரம் முழுக்க நமக்கு டின்னர் பிரேக்!

அப்படி நாம சாப்பிடப் போன நேரத்தில் வந்து போனதுதான் 'ஃப்ளாப் ஷோ'. மொத்தமே பத்து எபிசோடு. இப்போ ஒரு மெகா சீரியலில் பத்து எபிசோடுன்னா, ஹீரோயின் மாடிப்படி இறங்கி முடிச்சிருக்க மாட்டாங்க. இவங்க அதுக்குள்ள நாட்டையே ஒரு சுத்து சுத்திட்டாங்க. எழுத்து, டைரக்ஷன் (மன்னிக்கவும், மிஸ்டைரக்ஷன்), ஹீரோ எல்லாம் பட்டி. தயாரிப்பு அவரோட மனைவி சவிதா பட்டி. திரையிலும் அவங்கதான் மனைவி. கூடவே விவேக் ஷௌக்னு இன்னொரு ஆள், பின்னாடி இந்திப் படங்களிலும் வந்தார், 2011-ல் இறந்துட்டார். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு புதுக் கதை, ஒரு புது ஊழல். ஆரம்பிக்கும்போதே பணிவா ஒரு சமர்ப்பணம் போடுவாங்க. யாருக்கு? அன்னிக்கு யாரைத் துவைச்சுக் காயப் போடப் போறாங்களோ, அவங்களுக்கே! முடியறப்போ, ஹிட்டான ஒரு இந்திப் பாட்டு மெட்டில் கிண்டல் பாட்டு.

ஆபீஸில் வேலை பார்க்கிறவங்க இல்லாத நோய்க்கு மெடிக்கல் பில் போட்டுக் காசு பார்க்கிறது ஒரு எபிசோடு. காண்ட்ராக்டர், அதிகாரி, கமிஷன்னு ஒரு எபிசோடு. பி.ஹெச்டி. பண்ண வந்த மாணவன், கைடு வீட்டு எடுபிடியா மாறிப் போறது ஒரு எபிசோடு. (இந்தக் கடைசி எபிசோடை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்பி வர்றேன்.)

எனக்கு இந்தி 'ஏக் காவ் மே' லெவல்கூட இல்லை. ஆனாலும் ரூம்மேட் பாதி சொல்லும்போதே சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னு அப்புறம் யோசிச்சேன். நம்ம கிரேஸி மோகன் சாரை எடுத்துக்கங்க. கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் மெக்கானிக்கல் படிச்சவர். அவரோட காமெடி வார்த்தைக்குள்ள இருக்கு. ஒரு சொல்லைத் தூக்கி இன்னொரு சொல் மேல போட்டுக்கிட்டே போவார். அதை லூதியானா பொண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விளக்கி முடிக்கறதுக்குள்ள நானே அழுதுட்டேன். பட்டிகிட்ட வார்த்தை விளையாட்டைவிட சிச்சுவேஷன்தான் வேலை செய்யும். தப்பு பண்ற ஆளு, அது தப்புன்னே தெரியாத மாதிரி அவ்ளோ சாதாரணமாப் பேசுவார். கூட இருக்கிறவங்களும் 'ஆமா, அதானே முறை'ன்னு தலையாட்டுவாங்க. யாரும் கண்ணைச் சிமிட்ட மாட்டாங்க. உடுமலைப் பக்கத்துக்காரரான நம்ம கவுண்டமணியா இருந்தா அந்த ஆளை நிக்க வெச்சு நாலு கேள்வி கேட்டு, ஒரு உதையும் விட்டிருப்பார். நமக்கும் மனசு ஆறியிருக்கும். பட்டி கேட்கவே மாட்டார். அந்த உதையை நாமதான் மனசுக்குள்ள வெச்சுக்கணும்.

அதுக்காகப் பத்தும் பத்து வைரம்னு சொன்னா அது ரீல். சில இடம் நல்லாவே இழுக்குது. சுத்தி நடிக்கிறவங்க சிலர் காலேஜ் டே டிராமா ரேஞ்சுதான். கிண்டல் பாட்டு வரும்போது நம்ம கதி இன்னும் மோசம். ஒரிஜினல் பாட்டைத் தெரிஞ்சாத்தானே கிண்டல் புரியும்? ரூம்மேட் வீடியோவை நிறுத்தி, ஒரிஜினலைப் பாடிக் காட்டி, அப்புறம் கிண்டலுக்கு அர்த்தம் சொல்றதுக்குள்ள ஜோக் ஆறி, மெஸ் பூரி மாதிரி ஆயிடும்.

இப்போ முக்கியமான மேட்டர். பட்டி யாரு தெரியுமா? நம்ம ஆளு! சண்டிகர், பஞ்சாப் இன்ஜினீயரிங் காலேஜில் எலெக்ட்ரிக்கல் படிச்சவர். 1955-ல் அமிர்தசரஸில் பிறந்தவர், காலேஜில் படிக்கறப்பவே 'நான்சென்ஸ் கிளப்'னு ஒண்ணு ஆரம்பிச்சுத் தெரு நாடகம் போட்டார். அப்புறம் 'தி ட்ரிப்யூன்' பத்திரிகையில் கார்ட்டூன் வரைஞ்சார். தூர்தர்ஷனில் காலை நேரத்தில் 'உல்டா புல்டா'ன்னு குட்டிக் குட்டிக் கிண்டல் துண்டுகள் பண்ணினார். அதுக்கு அப்புறம்தான் 'ஃப்ளாப் ஷோ'. காண்ட்ராக்டர் எபிசோடைப் பார்க்கிறப்போ இது நல்லாவே தெரியும். வெளியே இருந்து எட்டிப் பார்த்து எழுதினதில்லை அது. எஸ்டிமேட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் சிமென்ட் எங்கே காணாமப் போகுதுன்னு ஒரு இன்ஜினீயருக்குத்தானே தெரியும்?

அந்த எபிசோடை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். "யாரு கண்ணு இது?"

"ஜஸ்பால் பட்டிங்ப்பா."

"பட்டியா? எந்தப் பக்கத்துப் பட்டி?"

நம்ம பக்கம் பட்டின்னா ஊரு, இல்லாட்டி ஆடு அடைக்கிற இடம். ஒரு வழியாப் புரிய வெச்சு, இந்தியை ரூம்மேட்கிட்ட கேட்டு எழுதி வெச்சிருந்த பேப்பரைப் பார்த்து ஒவ்வொரு டயலாக்கா சொன்னேன். நான் விழுந்து விழுந்து சிரிச்ச இடத்தில் எல்லாம் அப்பா மூஞ்சி அப்படியே இருந்துச்சு. முடிஞ்சதும் கேட்டார், "இதுல சிரிக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது? நடக்கறத அப்படியே புடிச்சுருக்கறாங்க."

அப்பாவுக்குக் கணபதியில் லேத் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். 2012-ல் நான் ஒண்ணாங்கிளாஸோ ரெண்டாங்கிளாஸோ. அந்த வருஷம் கரன்ட் கட் நம்ம ஊரைப் போட்டு வாட்டினது உங்க வீட்டிலும் பேசுவாங்க. சென்னைக்கு ஒன்றிரண்டு மணி நேரம், நமக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல. கரன்ட் எப்போ வருமோ அப்போதான் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் அப்பா லுங்கியை மடிச்சுக் கட்டிட்டுப் பட்டறைக்கு ஓடுவார். அரை மணி நேரத்தில் மறுபடி போயிடும். பாதி கடைஞ்ச ஷாஃப்ட் மிஷின்லயே நிக்கும். டீசல் ஊத்தி ஜெனரேட்டர் ஓட்டினா, கிடைக்கிற கூலி டீசலுக்கே சரியாப் போச்சு. நாலு லேத்தில் ரெண்டை அப்போதான் வித்தாங்க. நான் ஈ.ஈ.ஈ. எடுத்தப்போ அப்பா சிரிச்சதுக்கு அர்த்தம் எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது.

அதே 2012. அதே மாதிரி கரன்ட் கட்டில் பஞ்சாபும் வெந்துக்கிட்டு இருந்துச்சு. பட்டி என்ன பண்ணினார்? 'பவர் கட்'னே பேர் வெச்சு ஒரு பஞ்சாபிப் படம் எடுத்தார். மகன் ஜஸ்ராஜ்தான் ஹீரோ. எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர் எடுத்த கரன்ட் கட் படம்! அக்டோபர் 26 ரிலீஸ். அதுக்கான பிரசாரத்துக்கு ஊர் ஊராப் போயிட்டு இருந்தவர், அக்டோபர் 25-ஆம் தேதி ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் பக்கத்தில் நடந்த கார் விபத்தில் இறந்துட்டார். ரிலீஸுக்கு முந்தின நாள். அப்போ அவருக்கு 57 வயசு. அடுத்த வருஷம், 2013-ல் பத்மபூஷண் அறிவிச்சாங்க.

இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தக் கரன்ட்டுப் படம் இருக்குதா? போடு, பாக்கலாம்"ன்னார். பஞ்சாபி எனக்குச் சுத்தமாத் தெரியாது. ரூம்மேட்டை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். சந்தகையும் தேங்காய்ப்பாலும் அம்மா பொறுப்பு.

சரி, அந்த பி.ஹெச்டி. எபிசோடு.

லேபில் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்த்தோம். எங்க ரிசர்ச் ஸ்காலர் அக்காவும் டிஃபன் பாக்ஸோட வந்து உட்கார்ந்தாங்க. பி.ஹெச்டி.யில் நாலாவது வருஷம். எங்க ப்ராஜெக்டில் எந்த சர்க்யூட் புகைஞ்சாலும் முதலில் ஓடிவர்ற ஆள். கைடு வீட்டு வேலைகளை அந்த ஸ்டூடன்ட் செய்யறதைப் பார்த்துப் பசங்க டெஸ்க்கைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. ரூம்மேட் டப்பிங் ஆர்ட்டிஸ்ட் கணக்கா கத்திக் கத்தி மொழிபெயர்த்தா. நடுவில் நான் திரும்பிப் பார்த்தா, அக்கா கை டிஃபன் பாக்ஸில் அப்படியே நிக்குது.

முடிஞ்சு எல்லாரும் கிளாஸுக்குப் போனதும் மெதுவாக் கேட்டேன், "ஏனுங்க்கா, பிடிக்கலீங்களா?"

"பிடிக்காம என்ன? காலைல கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டுத்தான் வந்தேன்"ன்னாங்க. கொஞ்சம் விட்டு, "எங்க வீட்டுக்கு இல்ல."

அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. பேங்க்குக்குப் போறது, டிக்கெட் புக் பண்றது, பரீட்சை பேப்பர் மார்க்கைக் கூட்டிப் போடறது. சாரோட பையனுக்கு ஸ்கூல் எக்ஸிபிஷன்னு ரெண்டு நாள் உட்கார்ந்து காற்றாலை மாடல் பண்ணிக் கொடுத்திருக்காங்க, நம்ம பல்லடம் பக்கம் நிக்குமே அது மாதிரி, சுத்தற றெக்கையோட. "அவனுக்கு ஃபர்ஸ்ட் ப்ரைஸ். என் பேப்பர் மூணு மாசமா சார் டேபிள்ல இருக்கு." சொல்லிட்டு அக்காவே சிரிச்சாங்க. எதிர்த்துக் கேட்டா என்னன்னு நான் கேட்டதுக்கு, "கையெழுத்து அவர் போடணும்டா"ன்னு மட்டும் சொன்னாங்க. வீட்டில் கல்யாணப் பேச்சை 'படிப்பு முடியட்டும்'னு சொல்லிச் சொல்லித் தள்ளிட்டு இருக்காங்க.

எல்லா கைடும் இப்படின்னு நான் எழுதலை. தன் காசில் ஐ.சி. வாங்கிக் கொடுத்து, ராத்திரி எட்டு மணி வரை கூடவே உட்கார்ற கைடையும் அதே லேபில் பார்க்கிறேன். அந்த சாரும் அன்னிக்குப் பின்னாடி நின்னு பார்த்தார், வயிறு வலிக்கச் சிரிச்சார்.

இதை எழுதட்டுமான்னு அக்காகிட்ட கேட்டேன். பேரும் காலேஜும் வேண்டாம்னாங்க. போடலை. கிளம்பறப்போ கூப்பிட்டாங்க.

"அந்த எபிசோடு லிங்க் அனுப்பறியா? ஊருக்குப் போய் அம்மாவுக்குக் காட்டணும். ஏன் இன்னும் முடியலை, ஏன் இன்னும் முடியலைன்னு கேட்டுட்டே இருக்காங்க."

"இதோ, நம்ம லேப் குரூப்ல போட்டுடறேங்க்கா."

"ஐயோ, குரூப்ல வேண்டாம்டா. அதுல சார் இருக்காரு!"