இணைய விளம்பரமும் விலை பேசுதலும்

விலை பேசாது பொருள் கொள்வார் நம் நாட்டில் அரியர். தெரணியகலைச் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்குவோரும் இரண்டு சொற் பேசியே வாங்குவர். அவ்வாறிருக்க, வியாபாரத்துக்கு விளம்பரம் வாங்கும்பொழுது மட்டும் கேட்ட தொகையைக் கேட்டபடி கொடுத்துவிடுவோர் பலராக உளர். கைப்பேசியிலும் கணினியிலும் தோன்றும் இணைய விளம்பரமாயின் சொல்லவே வேண்டா. அங்கே விலையை இயந்திரம் இடுகின்றது, அதனோடு பேசுவதெங்ஙனம் என்று கருதி வாளாவிருந்துவிடுகின்றனர். நம் கல்லூரியின் பழைய மாணவர்களுட் பலர் இன்று அவிசாவளையிலும் இரத்தினபுரியிலும் கொழும்பிலும் கடைகளும் சிறுதொழில்களும் நடத்தி வருதலின், இப்பொருள் பற்றிச் சில கூற விரும்பினோம். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என வினவுவாரும் இருத்தல் கூடும். விளம்பர வாசகத்தைப் பிழையறத் திருத்தித் தருமாறு கடைக்காரர் எம்மிடம் வருவதுண்டு. வாசகத்தைப் பார்க்குங்கால் விலைச்சீட்டும் கண்ணிற்படும்.

இணைய விளம்பரம் இருவகையால் விற்கப்படுகின்றது. ஒன்று ஏலம், மற்றையது நேரடிப் பேச்சு. கூகிள், முகநூல் ஆகிய பெருநிறுவனங்கள் பெரும்பாலும் முதல் வகையைக் கையாளுகின்றன. தமிழ்ச் செய்தித் தளங்கள், யூடியூப் நிகழ்ச்சி நடத்துவோர், ஊர்ப் பக்கங்களை நடத்துவோர் முதலியோர் இரண்டாம் வகையினர். இவ்வேறுபாட்டை அறியாதார் பேச வேண்டிய இடத்தில் மௌனமும், பேசிப் பயனில்லாத இடத்தில் வழக்கும் செய்வர்.

ஏலம் என்பது தோட்டப்புறத்தாராகிய நமக்குப் புதியதன்று. நம் மலைகளின் தேயிலை 1883 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் நாள் தொடங்கிய கொழும்பு ஏலத்திலேதான் இன்றளவும் பெரும்பாலும் விலைப்படுகின்றது. தரகர் சுவைத்து மதிப்பிடுவர், பட்டியல் வெளிவரும், வாங்குவோர் ஒருவரின் மேல் ஒருவராக விலை கூறுவர். 2020 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் நோய்த்தொற்றின் காரணமாக அவ்வேலமும் கணினிக்கு மாறியது. அங்கே இறுதியில் வெல்பவர் தம் மனத்திலிருந்த உச்ச விலையைக் கொடுப்பதில்லை. தம்மோடு போட்டியிட்டவர் நின்றுவிட்ட இடத்துக்குச் சற்று மேலே கொடுத்தால் அமையும். கூகிளின் தேடற்பக்க ஏலமும் இக்கருத்தின் வழியே அமைந்ததாகும். இத்தகைய ஏலத்தின் இயல்பை வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் 1961 இல் ஆராய்ந்து வெளியிட்டார். 1996 இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தேயிலையேலத்தில் பணம் ஒன்றே பேசும். விளம்பர ஏலத்திலோ விளம்பரத்தின் தகுதியும் உடன் எண்ணப்படும். எளிய கணக்கொன்றால் விளக்குவோம். ஒருவர் ஒரு சொடுக்குக்கு 40 ரூபா தருவதாகக் கூறுகின்றார். அவர் விளம்பரத்தின் தகுதி 3. மற்றொருவர் 20 ரூபாவே கூறுகின்றார், தகுதி 8. பெருக்கிப் பார்ப்பின் முன்னவர்க்கு 120, பின்னவர்க்கு 160. பின்னவரே வெல்வர். அவர் கொடுக்க வேண்டியதும் 120 ஐ எட்டால் வகுத்து வரும் 15 ரூபாவுக்குச் சற்று மேலேயாம். உண்மையில் இன்னும் பல சேர்த்து எண்ணப்படுமேனும் அடிப்படை இதுவே. ஆகவே தேடுவோர் கருத்துக்கு இயைந்த வாசகமும், சொடுக்கினால் விரைந்து திறக்கும் பக்கமும், சொன்ன பொருள் சொன்னவாறு அங்கிருத்தலும் விலையைக் குறைக்கும். இயந்திரத்தோடு பேரம் பேசும் மொழி இதுதான். 2018 முதல் கூகிளில் தமிழ் வாசகத்தாலும் விளம்பரஞ் செய்யலாம். நம்மவர் கடை நடத்தும் ஊர்களிற் சிங்களத்திலும் தமிழிலும் தனித்தனியே விளம்பரம் எழுதுவதே தக்கது. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லுக்குச் சொல் மாற்றிய வாசகத்தை எவரும் படியார்.

இன்னொன்றும் ஈண்டுக் குறிக்கற்பாலது. பிறருடைய தளங்களில் இடம் விற்கும் தன் ஏலத்தைக் கூகிள் 2019 இல் முதல் விலை முறைக்கு மாற்றியது. அஃதாவது, கூறிய விலையே கொடுக்கும் விலையாகும். அவ்விடத்து உச்ச விலையை முதலிலேயே கூறுதல் கூடாது. தாழத் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறுதல் வேண்டும்.

இனி நேரடிப் பேச்சு. சொல்லுக்கு உண்மையில் வேலை இங்கேதான். தள உரிமையாளர் பெரும்பாலும் ஆயிரங் காட்சிக்கு இவ்வளவு என்று விலை கூறுவர். நாம் இவ்வாறு வைத்துக்கொள்வோம்: ஆயிரத்துக்கு 400 ரூபா வீதம் ஓரிலட்சங் காட்சிக்கு 40,000 ரூபா கேட்கின்றனர். ஆயிரம் பேருள் இருவர் சொடுக்கின் 200 சொடுக்கு. ஒன்று 200 ரூபா. இவ்வளவில் நம் வணிகர் 350 ரூபாவுக்குத் தருவீரா என்று பேசத் தொடங்குவர். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியொன்று உண்டு: படிப்போர் எங்கே இருக்கின்றனர்?

தமிழ்த் தளங்களுக்கு இக்கேள்வி மிக இன்றியமையாதது. தொராந்தோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம்மவர் ஊர்ச் செய்தியை ஆவலோடு படிக்கின்றனர். அவர் படிப்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆயின் தெரணியகலைப் புடைவைக் கடைக்கு அவர் வாரார். மேற்கூறிய தளத்தின் வாசகருட் பாதிப்பேர் கடல் கடந்தவராயின், பயன்படும் சொடுக்கு 100 தான். ஒன்று 400 ரூபாவாகிவிடும். அதனால் விலையைக் குறைக்குமாறு கேட்பதை விட்டு, இலங்கையிலிருந்து படிப்போர்க்கு மட்டுமே காட்டுக என்று கேட்டல் வேண்டும். அதற்கு ஆயிரத்துக்கு 600 கேட்டாலும், 50,000 காட்சிக்கு 30,000 ரூபாவே. அதே 100 சொடுக்கு ஒன்று 300 ரூபாவுக்கு அடங்கிவிடும். வீதம் ஏறியது, செலவோ இறங்கியது.

இக்கேள்விக்குச் சான்றும் வேண்டும். வாசகர் எந்நாட்டார், எவ்வளவினர் என்பதைக் காட்டும் கணக்கறிக்கை ஒவ்வொரு தளத்தாரிடமும் இருக்கும். காட்ட மறுப்பாராயின் அம்மறுப்பே விடையாகும். காட்சி என்று எண்ணப்படுவது யாதென்பதையும் கேட்டல் நன்று. விளம்பரத்தின் பாதியளவேனும் ஒரு நொடியேனும் திரையிற் புலப்பட்டாலன்றிக் காணத்தக்க காட்சியாகக் கொள்ளலாகாது என்பது 2014 முதல் அமெரிக்க அளவீட்டவையார் கொண்ட வரையறை. பக்கத்தின் அடியிற் கிடந்து எவர் கண்ணிலும் படாதவற்றையும், இயந்திரங்கள் வந்து போனவற்றையும் எண்ணி விலை பெறுவோர் உலகெங்கும் உளர்.

காலமும் பேரத்திற்குத் துணையாகும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் ஆகிய நாட்களை அண்டி இடங்கள் நெருக்கமாகும். அப்பொழுது விற்பவர் இறங்கார். பண்டிகை கழிந்த வாரத்தில் விற்காத இடம் வீணாய்ப் போகும். நேற்றைய காட்சியை இன்று விற்க எவராலும் இயலாது. மாலைச் சந்தையின் மீன் போல்வது அது.

யாவற்றினும் வலிய துணை, வேண்டாமென்று எழுந்துவரக்கூடிய நிலை. ஈபே நிறுவனம் தன் பெயரையே தேடுவோர்க்குக் காட்டும் விளம்பரத்தை 2012 இல் நிறுத்திப் பார்த்தது. வருவோர் தொகை ஏறத்தாழ அவ்வாறே இருந்தது; விளம்பரத்தாற் பணங்கொடுத்துப் பெற்றவர் பணமின்றியும் வந்தனர். நம் வணிகரும் ஒரு மாதம் ஓரூரில் நிறுத்தி, மற்றோரூரில் நடத்தி விற்பனையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அக்கணக்கைக் கையில் வைத்திருப்பவரிடம் விற்பவர் வாய்ச்சொல் செல்லாது.

ஒப்பந்தம் செய்யும்பொழுது நாணயத்தையும் நோக்குக. 2022 ஆம் ஆண்டு மார்ச்சில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐ எட்டியது. டொலரில் விலை பேசியிருந்தோர் அதே விளம்பரத்துக்கு ஏறத்தாழ இருமடங்கு கொடுக்க நேர்ந்தது. உள்ளூர்த் தளத்தாரோடு ரூபாவிலேயே எழுதிக்கொள்ளுதல் தகும். உறுதி கூறிய காட்சிகள் குறைந்தால் குறைந்த அளவுக்கு மீண்டும் இலவசமாகக் காட்டுதல், ஒரே ஆளுக்கு ஒரு நாளில் இத்தனை முறைக்கு மேற் காட்டாமை, ஒரு வார முன்னறிவித்தலோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை ஆகிய மூன்றையும் அத்தாளிலேயே எழுதுவித்துக் கையொப்பம் பெற்ற பின்னரே முற்பணம் கொடுத்தல் வேண்டும். முற்பணமும் முழுத்தொகையாக இராது, முதல் வாரத்துக்குரிய அளவாக இருத்தல் நன்று.