தமிழில் ஒரு "இல்", இங்கிலீஷில் மூன்று!

இங்கிலீஷ் படிக்கிற நம்மவர்களைப் படாத பாடு படுத்துவது நீளமான வார்த்தைகள் அல்ல. இரண்டே எழுத்துள்ள "இன்", "ஆன்", "அட்" ஆகியவைதான்!

காரணம் என்ன? நாம் "இல்" என்ற ஒரே உருபைப் போட்டுச் சமாளித்துவிடுகிறோம். இங்கிலீஷ்காரர் அப்படி விடுவதில்லை. பொருள் உள்ளே இருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா, அந்த இடத்தருகே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லை மாற்றுகிறார்.

மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்ற ஊர். பல நாட்டுக்காரர்களும் வந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சிற்பங்களை விளக்க வேண்டுமானால் இந்த மூன்று சொற்களும் இல்லாமல் முடியாது.

குகையிலா, குகை மேலா?

மகிஷாசுரமர்த்தினி குகையில் தேவி போர் புரிகிறாள். குகைக்கு உள்ளே என்பதால் "இன் தி கேவ்". அதே தேவி சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறாள். சுவரின் பரப்பு என்பதால் "ஆன் தி வால்". "கடற்கரைக் கோயிலில் சந்திப்போம்" என்றால் அது சந்திக்கும் இடம். "அட் தி டெம்பிள்".

"ஆன் தி கேவ்" என்று சொல்லிப் பாருங்கள். தேவி குகையின் உச்சியில் நிற்கிறாளாக்கும் என்று கேட்பவர் அண்ணாந்து பார்ப்பார்!

காலத்துக்கும் கணக்கு உண்டு. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது 2022-ல், ஆண்டுக்கு "இன்". ஜூலை 29-ல் என்று தேதி சொன்னால் "ஆன்". மூன்று மணிக்கு என்று நேரம் சொன்னால் "அட்".

பஸ்ஸில் போன குடை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போகிறீர்கள். பயணம் செய்த விதத்தைச் சொல்லும்போது "பை பஸ்". பஸ்ஸில் குடையை மறந்துவிட்டால், குடை கிடப்பது "ஆன் தி பஸ்". காரில் மறந்தால் மட்டும் "இன் தி கார்"!

சில இடங்களில் தமிழை அப்படியே பெயர்த்தால் வம்பு. நமக்கு ஒருவர் "மேல்" கோபம்; இங்கிலீஷில் ஒருவர் "வித்" கோபம். நாம் ஒன்றைப் "பற்றி" விவாதிக்கிறோம். "டிஸ்கஸ்" என்ற சொல்லுக்குப் பின் "அபவுட்" வேண்டியதே இல்லை. இவற்றுக்குக் காரணம் தேடி அலையாதீர்கள். "ஆங்க்ரி வித்", "குட் அட்", "மேரீட் டு" என்று ஜோடியாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

எது ஆபத்து?

"இன்", "ஆன்" மாறினால் பெரும்பாலும் கேட்பவர் சரிசெய்து புரிந்துகொள்வார். அதற்குப் பயந்து வாய் திறக்காமல் இருக்க வேண்டாம். விஷயம் தெரிந்த பிள்ளைகள் பலர் இந்தப் பயத்தினாலேயே வேலைக்கான பேட்டியில் ஊமையாகிவிடுகிறார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. "ஐந்து மணிக்குள்" என்பதற்கு "பை ஃபைவ்". "ஐந்து மணி வரை" என்பதற்கு "டில் ஃபைவ்". ஐந்து மணிக்குள் பஸ் நிலையத்துக்கு வரச் சொல்ல நினைத்து, "ஸ்டே ஹியர் டில் ஃபைவ்" என்று சொல்லிவிட்டால், அந்த விருந்தாளி ஐந்து மணி வரை கடற்கரையிலேயே உட்கார்ந்திருப்பார். பஸ் போய்விடும்!