விழுந்த கைக்கு விளையாட்டு

பிச்சாவரத்தில் துடுப்பு வலிப்பவருக்கும் கிள்ளையில் வலை பின்னுபவருக்கும் கைதான் சோறு. வாதம் அடித்து ஒரு கை விழுந்துவிட்டால், உயிர் பிழைத்த நிம்மதி அடங்கும் முன்பே வீட்டில் அடுத்த கேள்வி எழுந்துவிடுகிறது: கை திரும்ப வருமா?

வரவைப்பது பெரும்பாலும் பயிற்சிதான். விழுந்த கையால் ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்யச் செய்ய, மூளையில் சேதமாகாத பகுதி அந்த வேலையை மெல்லக் கற்றுக்கொள்கிறது. ஆனால், 2009-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், கைக்கான அன்றாட வேலைப் பயிற்சி ஓர் அமர்வில் சராசரியாக 32 முறைதான் நடந்திருந்தது.

வீடியோ கேம் உள்ளே நுழைந்தது இந்தக் குறையை நிரப்பத்தான். 2006-ல் நின்டெண்டோ வீ வந்தது. கையிலுள்ள கருவியை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். 2010-ல் வந்த மைக்ரோசாப்ட் கினெக்டில் எதையும் பிடிக்கவே வேண்டாம், உடலசைவைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். விரல் மூடாதவர்களுக்கு அது பெரிய வசதி.

டொரன்டோ மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக்கின் குழு, நான்கு நாடுகளில் 141 பேரிடம் இதைச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டது. ஒரு பாதிப் பேருக்கு வீ. மறுபாதிக்குச் சீட்டு, பிங்கோ, ஜெங்கா. இரு தரப்புக்கும் கை தேறியது, ஏறக்குறைய ஒரே அளவில்! எனக்கு இது நல்ல சேதியாகவே படுகிறது. திண்ணையில் தாயக்கட்டை உருட்டுவதும், பல்லாங்குழியில் சோழியை விரல் நுனியால் பொறுக்கிப் போடுவதும்கூடப் பயிற்சியாகலாம். தினமும், போதிய நேரம், சரியாகச் செய்ய வேண்டும்.

அந்தச் ‘சரியாக’வில்தான் விஷயம் இருக்கிறது. எட்டி எடுக்கச் சொன்னால் பலருக்கு முழங்கை நீளாது. முதுகைச் சாய்த்து எட்டிவிடுவார்கள். திரை அதற்கும் மதிப்பெண் போட்டுவிடும். “சாயாதீங்க ஐயா, முழங்கையை நீட்டுங்க” என்று தோளைப் பிடித்துச் சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும்.

சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்ற சிறு ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. மணிக்கட்டுக்கும் விரலுக்கும் விளையாட்டோடு பயிற்சி தரும் அது, மேசை மேல் அடங்கிவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். சிதம்பரத்துக்கு பஸ் ஏறினால் கூட வருபவரின் ஒருநாள் கூலியும் போய்விடும் என்றிருக்கிற குடும்பத்துக்கு இது பேருதவி. அந்தப் பிசியோதெரபிஸ்டோடு புளூட்டோவும் வர அரசு வழிசெய்ய வேண்டும். அதுவரை, வீட்டிலுள்ள பேரப்பிள்ளைக்கு அவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம்: தாத்தா எந்தக் கையால் சோழி எடுக்க வேண்டும், முதுகு சாய்ந்தால் எப்படிப் பிடிக்க வேண்டும், தோள் வலித்தால் எப்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று.